நடுவில் நிற்பவருக்குக் கொள்கை உண்டா? மையவாதம் பற்றி ஒரு விளக்கம்

2018 பிப்ரவரியில் மதுரையில் மக்கள் நீதி மய்யம் கட்சியைத் தொடங்கிய கமல்ஹாசன், தாங்கள் இடதும் இல்லை, வலதும் இல்லை, மய்யம் என்றார். 2025 ஜூலை 25 அன்று, திமுக கூட்டணி ஒதுக்கிய இடத்தில், மாநிலங்களவை உறுப்பினராகப் பதவியேற்றார். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அவரைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: மய்யம் என்பது கொள்கையா, எந்தப் பக்கமும் போவதற்குத் திறந்து வைத்த கதவா?

இந்தக் கேள்வி ஒரு கட்சியோடு முடிவதில்லை. உலகில் எங்கெல்லாம் ஒரு கட்சி நடுவில் நிற்பதாகச் சொல்கிறதோ அங்கெல்லாம் எழுகிறது. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று நம் ஊரில் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். இணையத்தில் ‘நடுநிலை’ என்ற சொல்லே இப்போது பாதி வசவு. வசவை ஒதுக்கி வைத்துவிட்டு விஷயத்தை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரே பெயரில் நான்கு சரக்கு

குழப்பத்தின் பெரும்பகுதி சொற்களில் இருக்கிறது. நான்கு வேறு விஷயங்களை நாம் ஒன்றாகப் பேசுகிறோம்.

1. நடுநிலை. நீதிபதியிடமும் கிரிக்கெட் நடுவரிடமும் எதிர்பார்ப்பது. தீர்ப்பு எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் இருப்பது.

2. மிதவாதம். இது வேகத்தையும் வழிமுறையையும் பற்றியது. போக வேண்டிய ஊர் இன்னொருவருக்கும் இவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். இவர் படிப்படியாக, சட்டத்துக்குள் நின்று போவோம் என்கிறார்.

3. மையவாதம். ஓர் அரசியல் நிலைப்பாடு. சந்தையும் வேண்டும், அரசின் கையும் வேண்டும். மாற்றமும் வேண்டும், நிறுவனங்களும் குலையக் கூடாது என்பது போன்ற கலவை.

4. சந்தர்ப்பவாதம். காற்றடிக்கும் பக்கம் பாயை விரிப்பது.

முதல் மூன்றையும் நான்காவதன் முகமூடி என்று சந்தேகிப்பதுதான் வழக்கமான குற்றச்சாட்டு. அந்தச் சந்தேகம் பல நேரம் சரியாகவும் இருக்கிறது. ஆனால் நான்கையும் குழப்பிக்கொண்டால் யாரையும் அளக்க முடியாது.

நடுவுநிலைமைக்கு வள்ளுவர் சொன்ன உவமை இங்கே உதவும். சமன்செய்து சீர்தூக்கும் துலாக்கோல் என்கிறார். தட்டுகள் காலியாக இருக்கும்போது சமமாக நிற்க வேண்டும். பொருளை வைத்த பிறகு எது கனமோ அந்தப் பக்கம் சாய வேண்டும். ஒரு தட்டில் ஒரு கிலோவும் மறுதட்டில் கால் கிலோவும் வைத்தும் முள் அசையாமல் நடுவிலேயே நின்றால் அந்தத் தராசை யாரும் நேர்மையான தராசு என்று சொல்லமாட்டார்கள். முத்திரை போடும் அதிகாரி பறிமுதல் செய்துவிடுவார். ஆக, நடுநிலை எடை போடும் முறையில் இருக்க வேண்டியது. முடிவும் நடுவில்தான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எல்லா விஷயத்திலும் முடிவு நடுவிலேயே வருகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் எடை போடுவதை நிறுத்திவிட்டார் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இடது, வலது, சதுப்பு

இடது, வலது என்ற பிரிவே நாற்காலி போட்ட கதையில் தொடங்கியது. 1789இல் பிரெஞ்சு தேசியப் பேரவையில் மன்னரின் அதிகாரத்தைக் காக்க நினைத்தவர்கள் தலைவருக்கு வலப்பக்கமும், குறைக்க நினைத்தவர்கள் இடப்பக்கமும் உட்கார்ந்தார்கள். 1792இல் கூடிய பேரவையில் தீவிரமானவர்கள் மேல் வரிசைகளைப் பிடித்ததால் அவர்களுக்கு ‘மலை’ என்று பெயர். கீழே உட்கார்ந்த, எந்தக் குழுவிலும் உறுதியாகச் சேராத பெரும்பான்மைக்கு ‘சமவெளி’. பிடிக்காதவர்கள் அதைச் ‘சதுப்பு’ என்றார்கள். கால் வைத்தால் புதையும் இடம்.

இந்தச் சதுப்பு மன்னருக்கு மரண தண்டனை விதித்த வாக்கெடுப்பில் பிளவுபட்டது, எதிரிகள் என்று கருதியவர்களைக் கொன்று குவித்த, மலைக் குழுத் தலைவர் ரோபஸ்பியரின் பயங்கர ஆட்சிக்கு வாக்களித்தது, 1794 ஜூலை 27 அன்று காற்று மாறியதும் அதே ரோபஸ்பியரைக் கவிழ்க்கவும் வாக்களித்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் சியேஸ். பயங்கர ஆட்சியின்போது என்ன செய்தீர்கள் என்று பின்னாளில் கேட்டதற்கு, ‘உயிரோடு இருந்தேன்’ என்றாராம். மையவாதத்தின் மேல் இன்றுவரை ஒட்டியிருக்கும் கெட்ட பெயருக்கு இந்தப் பதில் ஒரு காரணம்.

சுண்டல் வண்டிக் கணக்கு

இனி பொருளாதாரம் சொல்லும் விளக்கம். ஒரு கிலோமீட்டர் நீளக் கடற்கரை, அதில் சீராகப் பரவி உட்கார்ந்திருக்கும் மக்கள், ஒரே விலையில் ஒரே மாதிரி சுண்டல் விற்கும் இரண்டு வண்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு ஓரத்தில் நின்றால் பாதிப் பாதி வியாபாரம். ஒருவர் கொஞ்சம் நடுப்பக்கம் தள்ளி வந்தால், தன் பக்கத்து ஆட்களை இழக்காமலே அடுத்தவரின் வாடிக்கையில் சிலரைப் பிடித்துவிடுவார். அடுத்தவரும் சும்மா இருக்கமாட்டார். கடைசியில் இரண்டு வண்டியும் நட்டநடுவில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும்.

1929இல் ஹாரல்ட் ஹோட்டலிங் கடைகளை வைத்து முன்வைத்த தர்க்கம் இது. 1957இல் ஆன்டனி டவுன்ஸ் இதைத் தேர்தலுக்கு விரித்தார்: இரண்டே கட்சிகள் உள்ள நாட்டில் இரண்டும் நடு வாக்காளரை நோக்கி நகரும். இதன்படி மையம் என்பது வாக்கு அதிகம் கிடைக்கும் இடம், அவ்வளவுதான். நம்பிக்கைக்கு அங்கே வேலை இல்லை.

ஆனால் இந்தக் கணக்கையே கொஞ்சம் நீட்டினால் வேறொன்று தெரிகிறது. இரண்டு வண்டிகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒருவர் வந்தால் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் நசுங்குவார். பிரிட்டனில் 1983இல் நடந்தது அதுதான். தொழிற்கட்சியிலிருந்து பிரிந்த சமூக ஜனநாயகக் கட்சியும் பழைய லிபரல் கட்சியும் சேர்ந்து நின்றன. வாக்கு 25.4 சதவீதம், இடங்கள் 23. தொழிற்கட்சிக்கு 27.6 சதவீதம், இடங்கள் 209. அதிக வாக்கு பெற்றவர் வென்றார் என்ற தேர்தல் முறையில், நடுவில் பரவலாக வாக்கு வாங்கும் மூன்றாவது கட்சிக்கு இதுதான் கதி.

அப்படியானால், அந்த முறை உள்ள நாட்டில் பதவிக்கு அலையும் ஒருவர் மூன்றாவது மையக் கட்சியில் சேரமாட்டார். பெரிய கட்சி ஒன்றில் சேர்ந்து, உள்ளே இருந்துகொண்டு நடுப்பக்கம் நகர்வார். ‘மையவாதிகள் எல்லாரும் பிழைப்புவாதிகள்’ என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாங்கிய வாக்கு விகிதப்படி இடம் தரும் விகிதாசார முறை உள்ள நாட்டில் கதை வேறு. மேற்கு ஜெர்மனியில் சிறிய சுதந்திர ஜனநாயகக் கட்சி 1982இல் சமூக ஜனநாயகவாதிகளைக் கைவிட்டுப் பழமைவாதிகளோடு சேர்ந்தது. பிரதமர் மாறினார், வெளியுறவு அமைச்சர் கென்ஷர் சில வாரங்களில் பழைய நாற்காலிக்கே திரும்பினார். நடுவில் நிற்பது அங்கே லாபம், லண்டனில் நஷ்டம். ஒருவரின் மையவாதம் உண்மையா என்று கேட்பதற்கு முன், அந்த நாட்டில் மையத்தின் விலை என்ன என்று கேட்க வேண்டும்.

ஒரே கட்சி, மூன்று சோதனைகள்

1983இன் அந்தக் கூட்டணி 1988இல் இணைந்து, பின்னர் லிபரல் டெமாக்ரட் என்ற பெயர் பெற்றது. மையவாதத்தை ஆராய இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. ஒரே கட்சி கொள்கைக்காக நின்றதும் உண்டு, கொள்கையை விற்றதும் உண்டு, மையம் என்ற பெயரோடு ஒரு விளிம்புக்கே போனதும் உண்டு.

முதலாவது, 2003 இராக். தொழிற்கட்சிப் பிரதமர் டோனி பிளேர் போருக்குப் போக விரும்பினார். எதிர்க்கட்சியான பழமைவாதக் கட்சித் தலைமையும் ஆதரித்தது. இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே பக்கம் நின்றால் அவற்றுக்கு ‘நடு’ எங்கே இருக்கும்? போருக்குள்ளேதான். வெறும் நடுப்புள்ளியைத் தேடுபவராக இருந்திருந்தால் லிபரல் டெமாக்ரட் தலைவர் சார்லஸ் கென்னடி அங்கேதான் போயிருக்க வேண்டும். அவர் பிப்ரவரியில் லண்டன் ஹைட் பார்க்கில் கூடிய பெருங்கூட்டத்தில் போருக்கு எதிராகப் பேசினார். மார்ச் 18 வாக்கெடுப்பில் கட்சி எதிர்த்து வாக்களித்தது. ஐ.நா. ஒப்புதல் இல்லாமல் போர் கூடாது என்பதே அதன் வாதம். சர்வதேசச் சட்டம், நிறுவனங்கள், நடைமுறை. இந்தக் கருத்து கட்டுரையில் பின்னால் மறுபடி வரும்.

இரண்டாவது, 2010 கல்லூரிக் கட்டணம். அந்த ஆண்டுத் தேர்தலில், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று தேசிய மாணவர் சங்கத்தின் உறுதிமொழியில் கட்சித் தலைவர் நிக் கிளெக் உட்பட அதன் வேட்பாளர்கள் கையெழுத்திட்டார்கள். அட்டையைப் பிடித்துக்கொண்டு படமும் எடுத்துக்கொண்டார்கள். 57 இடங்களோடு பழமைவாதக் கட்சியுடன் கூட்டணி ஆட்சிக்குப் போனார்கள். கிளெக் துணைப் பிரதமர். டிசம்பர் 9 அன்று, சுமார் 3,290 பவுண்டாக இருந்த ஆண்டுக் கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்தும் தீர்மானம் 323க்கு 302 என்று நிறைவேறியது. லிபரல் டெமாக்ரட் உறுப்பினர்களில் 21 பேர் எதிர்த்தார்கள். கிளெக் ஆதரித்து வாக்களித்தார்.

2012 செப்டம்பரில் கிளெக் காணொளியில் மன்னிப்பும் கேட்டார். எதற்கு என்று கவனிக்க வேண்டும். வாக்குறுதியை மீறியதற்கு அல்ல. நிறைவேற்ற முடியுமா என்று உறுதியில்லாத வாக்குறுதியைக் கொடுத்ததற்கு. இது சாமர்த்தியமா, நேர்மையா என்று பிரிட்டனில் கேலியாகவும் சீரியஸாகவும் பேசினார்கள். இரண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. கூட்டணியில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது மையவாதிகளின் உண்மையான நம்பிக்கை. ஆனால் எதை விட்டுக்கொடுக்கமாட்டோம் என்ற பட்டியல் அவர்களிடம் தெளிவாக இல்லை. எழுதிக் கையெழுத்திட்டதே பேரத்தில் போனால், வாக்காளர் எதை நம்புவார்? 2015இல் 57 இடங்கள் 8 ஆயின.

மூன்றாவது, 2019 பிரெக்ஸிட். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற மக்கள் 2016இல் வாக்களித்திருந்தார்கள். தங்களுக்குப் பெரும்பான்மை கிடைத்தால் இன்னொரு வாக்கெடுப்புகூட இல்லாமல் வெளியேற்றத்தையே ரத்து செய்வோம் என்று லிபரல் டெமாக்ரட் அறிவித்தது. மையக் கட்சி ஒன்று, கேள்வியின் ஒரு கோடியில் போய் நின்றது. அந்த டிசம்பர் தேர்தலில் 11 இடங்கள்தான். தலைவர் ஜோ ஸ்வின்சன் தன் சொந்தத் தொகுதியிலேயே 149 வாக்குகளில் தோற்றார். கொள்கைப் பிடிப்பு இல்லாதவர்கள் செய்கிற காரியம் இல்லை இது. புத்திசாலித்தனமான காரியமா என்பது வேறு விஷயம்.

பிரெஞ்சு அதிபர் மக்ரோனையும் இந்தக் கடைசி வகையில் வைக்கலாம். இடதும் வலதும் ‘ஒரே சமயத்தில்’ என்பது அவர் பிரபலப்படுத்திய சொற்றொடர். ஆனால் சொத்து வரியைச் சுருக்கி வீடு, நிலத்தோடு நிறுத்தியதும், ஓய்வு வயதை 62லிருந்து 64 ஆக்கும் சட்டத்தை 2023இல் கீழவையின் இறுதி வாக்கெடுப்பு இல்லாமலே கொண்டுவந்ததும் எந்த மங்கலும் இல்லாத பொருளாதார நம்பிக்கைகள். நடுவில் நிற்பதாகச் சொல்பவரிடம் கொள்கை இல்லை என்பது எப்போதும் பிரச்சினை இல்லை. சில நேரம் கொள்கை தாராளமாக இருக்கும். மையம் என்ற லேபிள் அதை மறைக்கும்.

கோகலேயும் பறந்த செருப்பும்

நம் வரலாற்றில் இந்த வழக்கு மிகக் காரமாக நடந்தது 1907 டிசம்பரில், சூரத் காங்கிரஸில். ஒரு பக்கம் கோகலே, பெரோஸ்ஷா மேத்தா முதலிய மிதவாதிகள். மறுபக்கம் திலகர். தமிழகத்திலிருந்து வ.உ.சி.யும் பாரதியும் திலகர் பக்கம் போயிருந்தார்கள். மேடையை நோக்கிச் செருப்பு பறந்தது, நாற்காலிகள் உடைந்தன, மாநாடு கலைந்தது. பின்னர் பாரதி ‘கோக்கலே சாமியார்’ என்று கிண்டலடித்து ஒரு பாட்டே எழுதினார். 1908இல் வ.உ.சி. சிறை போனார், செக்கிழுத்தார். கோகலே சட்டசபையில் பேசிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் கோகலேயின் மேல் மரியாதை வருவது கஷ்டம். ஆனால் அவர் என்ன பேசிக்கொண்டிருந்தார் என்றும் பார்க்க வேண்டும். 1910இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதைத் தடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். 1911இல் அந்த ஆள்சேர்ப்பு நின்றது. கப்பலேற்றப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும். 1911இல் கட்டாயத் தொடக்கக் கல்வி மசோதா கொண்டுவந்தார். அரசும் நிலக்கிழார்களும் எதிர்க்க, 1912இல் அது 38க்கு 13 என்று தோற்றது. தோற்கும் என்று அவருக்குத் தெரியும். 1914இல் அரசு தந்த சர் பட்டத்தை மறுத்தார்.

பிரிட்டிஷ் ஆட்சியைக் கெஞ்சித் திருத்தலாம் என்ற அவருடைய மதிப்பீடு தவறு என்பது என் கருத்து. ஆனால் மதிப்பீடு தவறுவதும் கொள்கை இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. வ.உ.சி. கொடுத்த விலையோடு ஒப்பிட்டு ‘இவர் என்ன கொடுத்தார்’ என்று கேட்பது நியாயமான கேள்விதான். அதை மட்டும் கேட்டால், பத்து வயதுப் பையன் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று தோற்கப்போகும் மசோதாவோடு நின்ற மனிதர் கண்ணில் படமாட்டார்.

‘எப்படி’ என்பதில் ஒரு நம்பிக்கை, அதில் ஓர் ஓட்டை

மேலே உள்ள உதாரணங்களில் கென்னடிக்கும் கோகலேக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. இடதுசாரியின் கொள்கை பெரும்பாலும் ‘என்ன வேண்டும்’ என்பதைப் பற்றியது: நிலம் யாருக்கு, கூலி எவ்வளவு. வலதுசாரியுடையதும் அப்படியே: எந்த மரபு, எந்தச் சொத்து. மையவாதி உண்மையானவராக இருக்கும்போது அவருடைய பிடிப்பு ‘எப்படி முடிவு செய்ய வேண்டும்’ என்பதில் இருக்கிறது. சட்டப்படி, பேசி, எதிரியையும் அடுத்த தேர்தலுக்கு உயிரோடு விட்டுவைத்து. இதை வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கொள்கையாகத் தெரியாது. மேடையில் முழங்கவும் வராது. ஆனாலும் இது கொள்கைதான்.

இதன் பலவீனம் 1933 மார்ச் 23 அன்று பெர்லினில் தெரிந்தது. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லர் கேட்டார். அரசியல் சட்டத்தைத் திருத்தும் விஷயம் என்பதால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் ஏற்கெனவே சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். பெயரிலேயே மையத்தை வைத்திருந்த கத்தோலிக்க மையக் கட்சியின் வாக்குகள் முக்கியமாயின. அதன் தலைவர் லுட்விக் காஸ் பேரம் பேசினார்: திருச்சபையின் உரிமைகளுக்கும் நீதித்துறைக்கும் எழுத்தில் உத்தரவாதம் வேண்டும். கடிதம் வரும் என்றார்கள். வரவில்லை. முன்னாள் பிரதமர் ப்ரூனிங் உட்படச் சிலர் கட்சிக்குள் எதிர்த்தார்கள். கடைசியில் அவர்களும் கட்சியோடு சேர்ந்து ஆதரவாகவே வாக்களித்தார்கள். 444க்கு 94. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். ஜூலை 5 அன்று மையக் கட்சி தன்னைத் தானே கலைத்துக்கொண்டது.

அவர்களைச் சந்தர்ப்பவாதிகள் என்று மட்டும் சொன்னால் பாதிதான் விளங்கும். மண்டபத்துக்குள் சீருடைக் குண்டர்கள் நின்றார்கள், பயம் உண்மை. அதோடு, பேசினால் எதையாவது காப்பாற்றலாம் என்ற பழைய மையவாதப் பழக்கமும் இருந்தது. பேசி முடிவு செய்வதையே ஒழிக்க வந்தவனோடு பேசி முடிவு செய்யப் பார்த்தார்கள். ‘எப்படி’ என்பதில் உண்மையான பிடிப்பு இருந்திருந்தால், விட்டுக்கொடுக்க முடியாத ஒரே இடம் அந்த வாக்கெடுப்புதான்.

வாசகர் கேட்டுப் பார்க்க வேண்டியவை

1. இரண்டு ஓரத்தையும் அழித்துவிட்டால் இவருடைய நிலைப்பாட்டைச் சொல்ல முடிகிறதா? ‘அவர்களைப் போலவும் இல்லை, இவர்களைப் போலவும் இல்லை’ என்பதைத் தவிர வேறு வாக்கியம் இல்லையென்றால், அங்கே இருப்பது வெறும் இடம்.

2. ஓரங்கள் நகர்ந்தபோது இவர் நின்றாரா, கூடவே நகர்ந்தாரா? 2003இல் கென்னடி நின்றார்.

3. எதைப் பேரத்துக்கு வைக்கமாட்டார் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறாரா? அப்புறம் அதை வைத்தாரா?

இதே கேள்விகளை மக்கள் நீதி மய்யத்திடமும் கேட்கலாம். முதல் கேள்வியில் தேறக்கூடிய இரண்டு விஷயங்கள் அதற்கு உண்டு. ஒன்று, 2018இல் கிராம சபைக் கூட்டங்களை முன்னிறுத்திப் பேசியது. இது ‘எப்படி’ வகை நம்பிக்கைக்கு நல்ல உதாரணம். இன்னொன்று, 2020 டிசம்பரில் இல்லத்தரசிகளுக்கு ஊதியம் என்று அறிவித்தது. அது எந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் இருந்த யோசனை இல்லை. மூன்றாவது கேள்வியில்தான் சிக்கல். 2021 வரை இரண்டு திராவிடக் கட்சிகளுக்கும் மாற்று என்று சொல்லியே நின்றது. கோவை தெற்கில் கமல் 1,728 வாக்குகளில் தோற்றார். 2024இல் திமுக அணியில் சேர்ந்தபோது மக்களவைத் தேர்தலில் போட்டியிடாமல் ஒரு மாநிலங்களவை இடத்துக்கு உடன்பட்டது. கூட்டணி சேர்ந்தது தவறென்று இந்த அளவுகோல் சொல்லாது. ஆனால் எந்தெந்த விஷயத்தில் திமுகவோடு உடன்பட மாட்டோம் என்று அப்போது கட்சி சொன்ன பட்டியல் எது என்று கேட்கச் சொல்லும். மாநிலங்களவையில் ஓர் உறுப்பினருக்கு ஆறு ஆண்டுகள். அந்தப் பட்டியலை எழுதுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.